சாமி வந்த வீடு

தம்பிக்குச் சாமி வந்தது காப்புக் கட்டிய மறுநாள் காலையில். நான் பிள்ளைக்காம்பராவைத் திறக்கக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கொழுந்தெடுக்கும் பெண்கள் கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டுத்தான் மலைக்கு ஏற வேண்டும். நான் சுணங்கினால், வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்களத்தில் திட்டு விழுவது அவர்களுக்கு. அந்த அவசரத்தில் அடுப்படியில் நின்றபடியே ரொட்டியைத் தேநீரில் முக்கி வாயில் திணித்துக்கொண்டிருந்தேன். வாசற்படியில் உட்கார்ந்திருந்த நிஷாந்த் கொட்டாவி விட ஆரம்பித்தான். ஒன்று முடிவதற்குள் அடுத்தது. தாடை கழன்றுவிடும் போலிருந்தது. கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிந்தது, கை மயிரெல்லாம் குத்திட்டு நின்றது, பிறகு தோள் குலுங்கத் தொடங்கியது. பீலியிலிருந்து தண்ணீர் தூக்கிக்கொண்டு வந்த பக்கத்துக் காம்பரா லீலாதேவி அக்கா குடத்தை அப்படியே கீழே வைத்தாள்.

"இராக்கம்மாக்கா, ஓடியாங்க. ஒங்க மகனுக்கு ஆத்தா வந்துருச்சு."

அம்மா ஓடி வந்தாள். செம்பில் மஞ்சள் கரைத்து அவன் தலையில் ஊற்றினாள். அப்புத்தளை மலைக் குளிரில், பனி இன்னும் விலகாத நேரத்தில், பச்சைத் தண்ணீர் பட்டதும் அவன் பல் கிட்டி இன்னும் ஆடினான். லயத்து வரிசை வீடு மொத்தமும் கூடிவிட்டது. வேப்பிலை வந்தது, கற்பூரம் வந்தது, யாரோ குலவை போட்டார்கள்.

"சாமியுமில்ல, பூதமுமில்ல," என்றேன். "பவுடர் கெடைக்கல, ஒடம்பு கேக்குது. தண்ணிய ஊத்திக் கொன்னுறாதீங்க."

யாரும் காது கொடுக்கவில்லை. நல்ல காரியம் நடக்கிற இடத்தில் வாயை வைக்கிறவள் என்று எனக்கு ஏற்கெனவே பெயர் உண்டு. அம்மா மட்டும் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. கள்ளனைப் பெற்றவள் என்று இத்தனை நாளும் லயத்தில் தலை நிமிராமல் நடந்தவள் அவள்.

நிஷாந்த் பதினேழு வயதில் கொழும்புக்குப் போனான். மட்டக் கத்தியைப் பிடித்துத் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்ட மாட்டேன், சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறேன் என்றான். அதில் என்ன குறை சொல்ல? அப்பா கவ்வாத்து வெட்டியே நெஞ்சு காய்ந்து செத்தவர். அது யுத்த காலம். அடையாள அட்டை இல்லாத தமிழ்ப் பையன் என்று ஒரு சுற்றிவளைப்பில் பிடித்து உள்ளே போட்டார்கள். உள்ளே இருந்தபோதுதான் பவுடர் பழகினேன் என்று ஒரு நாள் சொல்வான், கடையில் கூட வேலை செய்தவன் பழக்கினான் என்று இன்னொரு நாள் சொல்வான். சமாதானம் வந்து பாதையெல்லாம் திறந்த வருடம் எல்லாரையும் போல அவனும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தான். ஹெரோயினைக் கொழும்பில் குடு என்பார்கள், எங்கள் பக்கம் பவுடர். அதை வெள்ளித்தாளில் வைத்துக் கீழே நெருப்புக் காட்டிப் புகையை இழுப்பது. அவன் படுக்கைக்கடியில் அந்தத் தாள்களைப் பார்த்த அம்மா, பிள்ளை டவுன்காரர்கள் மாதிரி சாக்லேட் தின்கிறான் என்று சந்தோஷப்பட்டாள். என்னிடம் காட்டிச் சிரித்தாள்கூட.

அப்புறம் வீடு கொஞ்சம் கொஞ்சமாகக் காலியானது. வெண்கலச் செம்பு போனது. ஆட்டுக் கொட்டிலின் தகரத்தை ஆணி கழற்றிக் கொண்டுபோய் விற்றான். ஆடுகள் மழையில் நனைந்தன. அதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளுக்கு வைத்திருந்த பால்மாவை எடுத்துப் போனான் பாருங்கள், அன்றைக்கு விளக்குமாறு பிய்ந்துபோகும்வரை அடித்தேன். அடி வாங்கிக்கொண்டே சிரித்தான். நான் உட்கார்ந்து அழுதேன். இவனைத் தூக்கி வளர்த்த கைதான் இது.

காப்புக் கட்டும் யோசனை அம்மாவுடையது. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவன், மஞ்சள் நீராட்டு முடிந்து கயிற்றை அவிழ்க்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தோட்டத்துக்கே அம்மை போடும் என்பார்கள். ஊசிமலைத் தோட்டத்தின் மேல் பிரிவான எங்கள் மேக்கணக்குக்கு எல்லை, கொழுந்து லாரி திரும்புகிற வளைவில் நட்டிருக்கும் சூலம். பவுடர் விற்கிறவன் சூலத்துக்கு அந்தப் பக்கம், அப்புத்தளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நிற்கிறான். பிள்ளை சூலத்துக்கு இந்தப் பக்கம் இருந்துவிட்டால் போதும் என்பது அம்மாவின் கணக்கு. நானும் அதை மெச்சினேன். வீட்டையே சுரண்டித் தின்றவன் அந்த மஞ்சள் கயிற்றுக்கு மட்டும் பயந்தான். சின்ன வயதில் அம்மை கண்டு செத்துப் பிழைத்த உடம்பு அது. திடுதிப்பென்று நிறுத்தினால் அந்த உடம்பு என்ன பாடு படும் என்று மட்டும் எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

மத்தியானத்துக்குள் வாந்தியும் வயிற்றோட்டமும் பிடித்தது. ஆத்தா வயிற்றைக் கழுவுகிறாள் என்றார்கள். கால் இரண்டும் தானாக உதைத்துக்கொண்டது. ஆத்தா நடனமாடுகிறாள் என்றார்கள். கோயில் தலைவர் தம்பையா மாமா குளித்து விபூதி பூசிக்கொண்டு வந்து, அவன் முன்னால் சாஷ்டாங்கமாக விழுந்தார். போன மாதம் கோயில் உண்டியலைத் தொட்டான் என்று இதே தம்பியைக் கன்னத்தில் அறைந்தவர் அவர். லீலாதேவி அக்கா, குவைத்துக்குப் போன மகள் எப்போது திரும்புவாள் என்று கைகூப்பிக் கேட்டாள். அவன் "தண்ணி, தண்ணி" என்று கத்தினான். மழைக்கு முன்னால் வந்துவிடுவாள் என்று தம்பையா மாமா பொருள் சொன்னார். லீலாதேவி அக்கா தேம்பித் தேம்பி அழுதாள். குடிக்கத் தண்ணீர் கொடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நான்தான் கூட்டத்தை இடித்துக்கொண்டு போய்ச் செம்பை வாயில் வைத்தேன்.

மறுநாள் பிள்ளைக்காம்பராவை, எனக்கு ஒத்தாசைக்கு இருக்கும் ஆயாக் கிழவியிடம் ஒப்படைத்துவிட்டுப் பதுளைக்குப் பஸ் ஏறினேன். எனக்குக் காப்பு இல்லை, பொழுது சாய்வதற்குள் திரும்பினால் யாரும் கேட்க முடியாது. ஹாலிஎல தாண்டும்வரை என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். ஆஸ்பத்திரியில் சிதம்பரநாதன் என்று ஒரு யாழ்ப்பாணத்து டாக்டர் இருந்தார். தமிழில் சொல்லலாம் என்பதே பாதி நிம்மதி. நான் சொன்னதையெல்லாம் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டவர், பிறகு சொன்னார்.

"பிள்ளை, இது ஒரு கிழமைக்குப் பாடாய்ப்படுத்தும். பிறகு தானா அடங்கும். இஞ்ச கூட்டிக்கொண்டு வந்தா மருந்து குடுத்து வேதனையைக் குறைக்கலாம். எனக்குப் பயம் அதுக்குப் பிறகுதான்."

"அடங்கினதுக்குப் பொறகு என்னா பயங்க, டாக்டர் ஐயா?"

"சுகமாப் போச்சுது எண்டு நினைச்சு, ஒரு நாள் ஆசைப்பட்டு, முந்தி எடுத்த அளவையே எடுப்பினம். உடம்பு அந்தப் பழக்கத்தை விட்டிருக்கும், தாங்காது. மூச்சு நிண்டு போம். நான் அப்பிடிக் கனபேரைப் பாத்திட்டன். அதுதான் சொல்லுறன், தம்பியைக் கொஞ்ச நாளைக்கு எங்கட கண்ணுக்குள்ள வச்சிருக்க வேணும். கெதியாக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

திரும்பும் வழியெல்லாம் அந்தப் பேச்சைச் சொல் மாறாமல் மனதில் சொல்லிக்கொண்டே வந்தேன். வந்தபோது வீட்டு வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். கோயிலில் கட்டுவது மாதிரி தோரணம் வேறு. வெளியாட்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள்.

அம்மாவையும் தம்பையா மாமாவையும் கொட்டிலுக்குப் பின்னால் கூப்பிட்டுச் சொன்னேன். நாளைக் காலையில் வான் பேசி அவனைப் பதுளைக்குக் கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் இன்றைக்கில்லை, சுகமான பிறகு சாவான் என்றேன். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"சாமி வந்த புள்ளய ஊசி போடவா கூட்டிட்டுப் போகச் சொல்ற?" என்றாள்.

"அம்மா, அது சாமி இல்ல."

தம்பையா மாமா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கோபப்படவில்லை. குந்தி உட்கார்ந்து, தரையில் கிடந்த ஈர்க்கை எடுத்து ஒடித்துக்கொண்டே பேசினார். "சாமியோ, இல்லியோ, அது எனக்குத் தெரியாது புள்ள. காப்பு கட்டுனவன் தாண்டக் கூடாது, அது தெரியும். போன திருவிழாவுல அந்த ட்ராக்டர்காரன் தாண்டிப் போய்ப் படம் பாத்துட்டு வந்தான். அந்த மாசமே எம் பேத்திக்கு அம்ம வெளையாடிருச்சு. ஒங் காம்பராவுல தொட்டில்ல கெடந்த புள்ள. நீதான தூக்கிட்டு ஓடியாந்த."

நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். முகமெல்லாம் கொப்புளமாக இருந்த அந்தக் குழந்தையை எப்படி மறப்பேன்? ட்ராக்டர்காரன் படம் பார்த்ததற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் பேத்தியைப் புதைத்த மனிதரின் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்னை மாதிரி வாயாடிக்கே வரவில்லை.

கடைசியாக அவனிடமே கேட்டேன். சாக்கில் சுருண்டு கிடந்தான், உதடெல்லாம் வெடித்திருந்தது. டாக்டரிடம் போகலாம், நான் சூலம் தாண்டித் தூக்கிக்கொண்டு போகிறேன், வருகிற பழி எனக்கு என்றேன். தலையை ஆட்டினான்.

"முடியாதுக்கா. புள்ளைங்களுக்கு ஏதாச்சும் ஆனா என்னயத்தான் சொல்லுவாங்க. களவாணின்னு சொன்னாங்க, சரி. கொலகாரன்னு சொல்ல வேணாம்."

அவன் பேசியதிலேயே நியாயமான பேச்சு அதுதான். அதனால்தான் அவனை நான் இழுத்துக்கொண்டு போகவில்லை.

டாக்டர் சொன்னபடியே ஒரு கிழமையில் அடங்கியது. ஒரு நாள் காலையில் எழுந்து, பசிக்கிறது என்றான். அம்மா சோறும் கருவாட்டுக் குழம்பும் வைக்கப் போனாள். சாமியாடிக்குக் கவிச்சி ஆகாது என்று லீலாதேவி அக்கா தடுத்து, பால்சோறு கொண்டுவந்தாள். கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது. நிமிர்ந்து நடந்தான். தீச்சட்டி எடுத்த அன்று மேக்கணக்கு, கீழ்க்கணக்கு எல்லாம் திரண்டு வந்து ரோட்டின் இரண்டு பக்கமும் நின்று கும்பிட்டது. அவன் தீச்சட்டியோடு வந்த அழகைப் பார்த்து நானும் அழுதேன், பொய் சொல்வானேன். என் தம்பி பிழைத்துக்கொண்டான் என்று அந்தக் கொஞ்ச நேரம் நம்பினேன்.

அன்று சாயங்காலம் பீலிக்கரையில் கால் கழுவிக்கொண்டிருந்தவனிடம் டாக்டர் சொன்னதைத் திரும்பவும் சொன்னேன். நிறுத்தின உடம்புக்கு அந்தப் பழைய அளவு விஷம் என்றேன். காப்பு அவிழ்த்ததும் நேரே பதுளைக்குப் போகலாம் என்றேன்.

"சரிக்கா, போவோம்," என்றான். அப்புறம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு, "ஒண்ணு சொன்னா சிரிப்பியா?" என்று கேட்டான்.

"சொல்லு."

"மொதல்ல அது சாமி இல்லன்னு எனக்குத் தெரியும். கொழும்புலயும் ஒருக்கா இப்பிடித்தான் வந்துச்சு, செயில்ல. ஆனா இங்க எல்லாரும் கையெடுத்துக் கும்புட்டாங்கல்ல. தம்பையா மாமா கால்ல விழுந்தாருல்ல. அப்ப எனக்கே சந்தேகமாயிருச்சு. சாமிதானோ என்னமோ. இல்லாட்டி இவ்வளவு சுருக்கா எப்பிடி விட்டுச்சு?"

நான் சிரிக்கவில்லை. பயம்தான் வந்தது. டாக்டர் பயந்த இடத்துக்கு இவன் வேறு வழியாக வந்து சேர்ந்துவிட்டான் என்று தோன்றியது. "அது ஒடம்பு தானா விட்டது, நிஷாந்த். சாமி ஒன்னயக் காப்பாத்தும்னு மட்டும் நெனச்சுராத," என்றேன். அவன் துண்டால் காலைத் துடைத்துக்கொண்டு, "ஒனக்கு எதுலயும் நம்பிக்க கெடையாதுக்கா," என்று சொல்லிவிட்டுப் படியேறினான்.

மஞ்சள் நீராட்டு முடிந்து காப்பு அவிழ்த்தார்கள். மறுநாள் முனியாண்டிக்குக் கிடா வெட்டு. காலையிலேயே பதுளைக்குக் கிளம்பலாம் என்று அவனுடைய சட்டையை மடித்து வைத்தேன். சாமியாடி இல்லாமல் எப்படிப் படையல் போடுவது என்று தம்பையா மாமா ஆள் அனுப்பினார். சாப்பிட்டுவிட்டு அடுத்த நாள் போகலாம் என்றாள் அம்மா. ஒரு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது என்று எல்லாரும் சொன்னார்கள். படையலில் வைத்த சாராயத்தை முதலில் அவனுக்குத்தான் கொடுத்தார்கள், அது மரியாதை. மரியாதை என்ற ஒன்றை அவன் வாழ்க்கையில் அப்போதுதான் கண்டான், எப்படி வேண்டாம் என்பான்? நான் பிள்ளைக்காம்பராவில் இருந்தேன். வெயில் ஏறும் நேரத்தில் டவுனுக்குப் போய் முடி வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனானாம். எல்லாரும் வழிவிட்டு நின்றார்களாம். யாரும் தடுக்கவில்லை.

த்ரீவீல் ஓட்டும் இப்றாஹீம் நானாதான் வந்து சொன்னார். பிள்ளைக்காம்பரா வாசலில் வண்டியை நிறுத்தியவர் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். நான் குழந்தையை இடுப்பில் வைத்தபடி வெளியே வந்தேன்.

"தங்கச்சி, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால செவத்துல சாஞ்சு உக்காந்திருந்தாப்புல. தூங்குறாருன்னுதான் எல்லாரும் நெனச்சிருக்காங்க. நான் தட்டிப் பாத்தேன். ஒதடு நீலமா இருந்திச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனேன். பிரயோசனம் இல்ல."

இடுப்பிலிருந்த குழந்தை பசிக்கு அழுதது. அதற்குப் பால் கரைத்துக் கொடுத்துவிட்டுத்தான் வண்டியில் ஏறினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. கை பழகின வேலையைச் செய்தது.

அப்புத்தளை ஆஸ்பத்திரியில் அம்மாவும் என் பக்கத்தில்தான் நின்றாள். அங்கிருந்த டாக்டர், பவுடரும் சாராயமும் சேர்ந்து மூச்சை நிறுத்திவிட்டன என்று சிங்களத்தில் சொன்னார். நான் தமிழில் திருப்பிச் சொன்னேன். அம்மா தலையாட்டினாள். புரிந்தது என்று சொன்னாள்.

தோட்டத்தில் வேறு பேச்சுத்தான் நடந்தது. காப்பு அவிழ்த்த மறுநாளே போய்விட்டான், ஆத்தா தன்கூடவே கூட்டிக்கொண்டாள் என்றார்கள். பிரேதத்துக்கு மஞ்சள் பூசினார்கள். தம்பையா மாமா தோள் கொடுத்தார், உண்மையாகவே அழுதார். நான் குழி வரைக்கும் போய், அது பவுடர் என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். சாவு வீட்டில் இப்படிப் பேசுகிறவளை எவன் கட்டுவான் என்று ஒருத்தி முணுமுணுத்தாள். அம்மா அவன் படத்தைச் சுவரில் மாட்டி முன்னால் விபூதித் தட்டு வைத்தாள். வேலைக்குப் போகும் பெண்கள் வாசலில் நின்று ஒரு சிட்டிகை எடுத்துப் பூசிக்கொண்டு போனார்கள். அந்தத் தட்டைத் தூக்கி எறிய எத்தனையோ முறை கை நீண்டிருக்கிறது. இந்த உலகத்தில் அம்மாவுக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான் என்பதால் விட்டுவிட்டேன்.

மழை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்ல பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு அம்மாள் தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கையில் தேங்காய், பழம் வைத்த பை. சாமி வந்த வீடு இதுதானா என்று கேட்டாள். மகனுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். நாங்களெல்லாம் சால்வையைப் போர்த்திக்கொண்டு நடுங்குகிற அந்தச் சாரலில் அவனுக்கு வேர்த்து வழிந்தது. சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டிருந்தான். மூக்கைக் கைமுட்டியால் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"கொழும்புலருந்து வந்த நாளாப் புடிச்சு இப்பிடித்தாங்க," என்றாள். "ஒங்க மகனுக்கு வந்த மாரியே வந்துருக்குன்னு சொன்னாங்க. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கம்மா."

அம்மா எழுந்து வந்து அவன் முகத்தைப் பார்த்தாள். தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். அவள் கண் கலங்கியது. அவளுக்குத் தெரிந்துவிட்டது, அந்த முகத்தை அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

"இது சாமி இல்லங்க," என்றேன் நான். "பவுடர் நிப்பாட்டுன கோளாறு. எந் தம்பி இதுலதான் செத்தான். இப்பவே பஸ்ஸப் புடிச்சுப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நானும் கூட வர்றேன், தமிழ் டாக்டர் இருக்காரு."

அந்த அம்மாள் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள். அம்மா சுவரில் இருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் மெல்லிய குரலில் சொன்னாள்.

"அவ அப்பிடித்தான் சொல்லுவா. எம் மகனுக்கும் அப்பிடித்தான் சொன்னா."

பேசிப் பயன் இல்லை என்று தெரிந்துபோய் அந்தப் பையனின் கையைப் பிடித்தேன். குளிர்ந்து ஈரமாக இருந்தது. வா, போகலாம் என்று இழுத்தேன். இரண்டு எட்டு கூடவே வந்தான், ரோட்டைப் பார்த்தான். அதற்குள் லயத்துப் பெண்கள் ஒவ்வொருத்தராக வெளியே வந்துவிட்டார்கள். லீலாதேவி அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்துக் கைகூப்பினாள். அவள் பின்னால் நின்றவர்களும் கூப்பினார்கள். அவன் அந்தக் கைகளையெல்லாம் ஒரு தடவை பார்த்தான். பிறகு என் பிடியிலிருந்து தன் கையை மெதுவாக, எனக்கு வலித்துவிடக் கூடாது என்பது போல உருவிக்கொண்டு, அம்மா விரித்துப் போட்ட சாக்கில் போய் உட்கார்ந்தான்.